ஜெயிப்பதற்கு முன் சொன்னவர், ஜெயித்த பின் சொன்னவர்

ஜூன் 4

இரவு அண்ணனோடு வாக்குவாதம். "ஓட்டுப் போட்டது நாம. நாம சொல்றதைத்தானே அவங்க செய்யணும்?" என்றார். "அப்படின்னா தலைவர் எதுக்குண்ணா? கருத்துக்கணிப்பு எடுக்கிற ஆளே போதுமே" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போய்விட்டார். படுத்த பிறகுதான் உறுத்தியது. அவர் கேட்டது நியாயமான கேள்வி, நான் அதற்குப் பதில் சொல்லவே இல்லை.

ஜூன் 5

இந்த விவாதத்தில் எல்லோரும் முதலில் இழுப்பது பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க்கைத்தான். 1774இல் தன் தொகுதியான பிரிஸ்டல் நகரின் வாக்காளர்களிடம் அவர் பேசியதன் சாரம் இது: உங்கள் பிரதிநிதி உங்களுக்குத் தரவேண்டியது உழைப்பு மட்டுமல்ல, தன் சொந்தத் தீர்ப்பும்தான். உங்கள் கருத்துக்காக அதை விட்டுக்கொடுத்தால் அது உங்களுக்கே செய்யும் துரோகம்.

பல வருடங்களாக இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும். இன்று ஒரு விஷயம் இடித்தது. அவர் இதைப் பேசியது தேர்தல் முடிவு வந்த பிறகு. சொன்னபடி நடந்தார் என்பதும் உண்மைதான். அயர்லாந்து வணிகத்துக்கும் கத்தோலிக்கர்களுக்கும் ஆதரவாக நின்றார், பிரிஸ்டல்காரர்கள் கோபப்பட்டார்கள், 1780இல் அந்தத் தொகுதி கைவிட்டுப் போனது. ஆனால் உடனே மால்டன் தொகுதி வழியாக நாடாளுமன்றத்துக்குத் திரும்பிவிட்டார். அது ஒரு பிரபுவின் கைக்குள் இருந்த தொகுதி. அங்கே மக்கள் கருத்தென்று ஒன்று குறுக்கே வரவே வழியில்லை.

ஜூன் 7

பிரான்சின் மித்தரானை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். 1981 மார்ச், அவர் வேட்பாளராக நின்ற அதிபர் தேர்தல் நெருங்கிவிட்டது. மரண தண்டனை வேண்டும் என்றே நாட்டில் பெரும்பாலோர் நினைத்தார்கள். தொலைக்காட்சியில் கேட்டபோது, பெரும்பான்மைக் கருத்து வேறு என்று தெரிந்தே, தான் அதற்கு எதிரானவன் என்று வெளிப்படையாகச் சொன்னார். மழுப்பியிருக்கலாம். 'பிறகு பார்க்கலாம்' என்று நழுவியிருக்கலாம். மே மாதம் ஜெயித்தார். அவருடைய நீதி அமைச்சர் ராபர்ட் பதந்தேர் மசோதாவைக் கொண்டுவர, அக்டோபரில் மரண தண்டனை ஒழிந்தது. அதற்கு நான்கே வருடம் முன்பு, 1977இல்கூட அங்கே தலைவெட்டும் கில்லட்டின் இறங்கியிருக்கிறது.

அந்த விஷயத்தில் மக்களின் கருத்து மாறவில்லை. ஆனால் 'இவர் இப்படித்தான்' என்று தெரிந்தே தேர்ந்தெடுத்தார்கள். அண்ணனின் கேள்விக்கு எனக்குத் தெரிந்த நேர்மையான பதில் இதுதான். என்ன செய்யப்போகிறாய் என்பதை முன்பே சொல். பிறகு செய்.

ஜூன் 8

'மக்கள் கருத்து' என்கிறோமே, எந்த மக்கள்? பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று 1959இல் சுவிட்சர்லாந்தில் வாக்கெடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு 'வேண்டாம்'. வாக்களித்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். 1971 வரை அந்தப் பெண்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. இதை எழுதும்போதே கோபம் வருகிறது.

ஜூன் 11

அண்ணன் போன் செய்தார். மித்தரான் கதையைப் பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "சரி, டோனி பிளேரும் நம்பித்தானே செஞ்சார்?" என்றார்.

வாயடைத்துப் போனேன். பிளேர் பிரிட்டன் பிரதமராக இருந்தபோது, 2003 பிப்ரவரியில் லண்டன் தெருக்களில் அவ்வளவு பெரிய கூட்டம் திரண்டு ஈராக் போர் வேண்டாம் என்றது. அவர் தன் நம்பிக்கையை விடவில்லை, படையை அனுப்பினார். ஈராக்கில் தேடிய பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவே இல்லை. உளவுத் தகவல்களை, அவற்றுக்கு இல்லாத உறுதியோடு மக்கள் முன்வைத்தார்கள் என்று 2016இல் அந்தப் போரை விசாரித்த சில்காட் அறிக்கை சொன்னது. 2005 தேர்தலில் அவர் மறுபடியும் ஜெயித்தார். விலை கொடுத்தவர்கள் ஈராக் மக்களும் படைவீரர்களும்.

முன்பே சொல்வது மட்டும் போதாது என்று இப்போது படுகிறது. தனக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லியாகவேண்டும். தவறினால் அடி யார்மேல் விழும் என்றும் பார்க்கவேண்டும். மித்தரான் தவறியிருந்தால் பதவி அவருக்குத்தான் கிடைக்காமல் போயிருக்கும்.

ஜூன் 12

நேற்று எழுதிய கடைசி வரி சரியில்லை. 1981இல் பிரான்சில் மரண தண்டனை விதிக்கப்பட்டு ஓர் இளைஞர் சிறையில் இருந்தார். பதவிக்கு வந்த சில நாட்களில் மித்தரான் அவருக்கு உயிர்ப்பிச்சை கொடுத்தார். பிற்காலத்தில் அந்த இளைஞர் வரலாற்று ஆய்வாளர் ஆனார். மித்தரான் தோற்றிருந்தால் பதவி மட்டுமா போயிருக்கும்?

அண்ணனை இன்றிரவே கூப்பிட வேண்டும்.