கார்டுராயைத் தலைகீழாக வெட்டிய 8 வாரம்

ஆடை வடிவமைப்புப் படிப்பில் மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் 8 வாரம் எங்காவது இன்டர்ன்ஷிப் போயே ஆக வேண்டும். வகுப்பில் எல்லாரும் பெரிய கம்பெனிகளுக்கு விண்ணப்பித்தார்கள், நானும் போட்டேன். நான்கு இடங்களில் பதிலே இல்லை. ஐந்தாவது இடத்திலிருந்து ‘பரிசீலிக்கிறோம்’ என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. இன்னும் பரிசீலித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கடைசியில் இடம் கிடைத்தது ஐந்தே பேர் வேலை செய்கிற ஒரு சின்ன ஆடைத் தொழிலில். கையால் வரைந்த ஓவியங்களைத் துணியில் அச்சடித்துச் சட்டையாகவும் மேலங்கியாகவும் தைத்து இணையத்தில் விற்கிறார்கள். ஒரு டிசைனில் முப்பது, நாற்பது உருப்படிக்கு மேல் போடமாட்டார்கள். நடத்துகிறவரை முதல் நாள் ‘மேடம்’ என்றேன். “இங்க எல்லாரும் அக்கான்னுதான் கூப்பிடுவாங்க” என்றார். அதோடு அக்காதான்.

நேர்காணலுக்கு இருபது பக்க ஓவிய ஃபைல் கொண்டுபோயிருந்தேன். அக்கா கல்யாண ஆல்பம் பார்ப்பது மாதிரி சரசரவென்று புரட்டிவிட்டு, “நீயே தைச்சது ஏதாவது இருக்கா?” என்று கேட்டார். நல்லவேளையாகப் பையில் செமஸ்டருக்குத் தைத்த சட்டை ஒன்று இருந்தது. வாங்கிய வேகத்தில் உள்பக்கத்தை வெளியே திருப்பினார். முன்பக்கத்தில் நான் மூன்று ராத்திரி உட்கார்ந்து போட்ட எம்பிராய்டரியை அவர் பார்க்கவே இல்லை. கை மூட்டுத் தையலை விரலால் தடவி, “ஓவர்லாக் போட்டிருக்க, டென்ஷன் பார்க்கல. நூல் தொங்குது பாரு” என்றார். ஓவர்லாக் என்றால் துணி ஓரம் பிரியாமல் இருக்கப் போடும் தையல், டென்ஷன் என்பது நூலின் இறுக்கம். பிறகு, “திங்கட்கிழமை வா.” இப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர்கள் ஓவியத்தோடு தைத்த துணி ஒன்றையும் எடுத்துப் போங்கள். உள்பக்கம் சுத்தமாக இருக்கட்டும்.

சேரும் முன் நான் கேட்டது இரண்டே கேள்வி: வேலை நேரம் என்ன, கல்லூரிக்குக் கடிதம் தருவீர்களா. அங்கே வரைவதை என் போர்ட்ஃபோலியோவில் போடலாமா என்று கேட்கத் தோன்றவில்லை. மூன்றாவது வாரம் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, “விற்பனைக்கு வந்தப்புறம் போட்டுக்கோ, அதுக்கு முன்னாடி வேணாம்” என்றார். நியாயமான பதில்தான், ஆனால் முதல் நாளே எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். பணமும் அப்படித்தான். போக்குவரத்துச் செலவு மட்டும் கொடுத்தார்கள். முதல் மூன்று வாரம் நான் அவர்களுக்குப் பாரம், அதனால் சரி. ஐந்தாவது வாரத்திலிருந்து பேக்கிங் முழுக்க என் தலையில். அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை, அந்த உறுத்தல் இன்னும் இருக்கிறது.

முதல் இரண்டு வாரம் நூல் பிசிறு வெட்டினேன், தையல் பிரித்தேன், அளந்தேன். படிக்கப் போன பிள்ளையை எடுபிடி ஆக்கிவிட்டார்கள் என்று வீட்டில் புலம்பினேன். தையல் பிரிப்பது எவ்வளவு பெரிய பாடம் என்று அப்போது தெரியவில்லை. கோணலாகப் போன காலர் ஒன்றைப் பிரிக்கச் சொன்னார்கள். பிரிக்கப் பிரிக்க அது தைக்கப்பட்ட வரிசை பின்னாலிருந்து முன்னால் வந்தது. எது முதலில், எது எதன் மேல், காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் கேன்வாஸ் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்பதெல்லாம் கைக்குத் தெரிந்தது. கரும்பலகையில் மூன்று முறை பார்த்தும் மண்டையில் ஏறாத காலர் பட்டி, நாலு காலர் பிரித்ததில் ஏறிவிட்டது.

அளப்பதில்தான் திட்டு வாங்கினேன். சட்டையை மேசையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை அளக்க வேண்டும். துணியை இழுக்கவும் கூடாது, சுருக்கமாக விடவும் கூடாது. ஒரே சட்டையை மூன்று முறை அளந்து 54, 54.5, 53.5 என்று மூன்று எண் எழுதியிருந்தேன். கட்டிங் மாஸ்டர் எட்டிப் பார்த்து, “சட்டை மூணா, ஒண்ணாம்மா?” என்றார். எங்கள் அளவுப் பட்டியலில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் மார்புச் சுற்றளவில் 5 செ.மீ. வித்தியாசம். விரித்து அளக்கும்போது அது 2.5 செ.மீ. ஆகிவிடும். அதில் 1 செ.மீ. நான் தவறவிட்டால், வாங்குகிறவருக்குக் கிட்டத்தட்ட பாதி சைஸ் மாறிப்போகிறது.

புதுத் துணி வந்தால் முதலில் சுருக்கம் பார்ப்பார்கள். துணியில் 50 செ.மீ. சதுரம் ஒன்றைக் குறித்துத் துவைத்து, காயவைத்து, திரும்ப அளக்க வேண்டும். ஒரு பருத்தித் துணி பாவுப் பக்கம் (நீளவாக்கில்) 50-லிருந்து 48.5 ஆகியிருந்தது, அதாவது 3 சதவீதம். 70 செ.மீ. நீளச் சட்டை ஒரே துவைப்பில் 2 செ.மீ.க்கு மேல் குட்டையாகும். நான் கெட்டிக்காரத்தனமாக 70-ஓடு 3 சதவீதம் கூட்டி 72.1 என்று சொன்னேன். வெட்டிய நீளத்தில் 97 சதவீதம்தான் மிஞ்சும், அதனால் 0.97-ஆல் வகுக்கச் சொன்னார் மாஸ்டர். 72.16 வந்தது. “ஒண்ணுதானே?” என்றேன். “8 சதவீதம் சுருங்குற துணிக்குப் போட்டுப் பாரு.” போட்டுப் பார்த்தேன். கூட்டினால் 75.6, வகுத்தால் 76.1. அரை சென்டிமீட்டர். அவர் பள்ளிக்கூடம் எதுவரை போனார் என்று எனக்குத் தெரியாது. சதவீதக் கணக்கு என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

நான்காவது வாரம் கார்டுராய் மேலங்கி வந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கார்டுராயின் மேல் வரிவரியாக மெல்லிய முடி இருக்கும். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழவென்று போகும், எதிர்ப்பக்கம் தடவினால் விரலைத் தடுக்கும். முடி மேல்நோக்கி இருந்தால் நிறம் ஆழமாகத் தெரியும். கீழ்நோக்கி இருந்தால் வெளிறி, கொஞ்சம் பளபளக்கும். அதனால் ஒரு மேலங்கியின் எல்லாத் துண்டும் ஒரே திசையில் வெட்டப்பட வேண்டும். துணி கூடுதலாகச் செலவாகும், வேறு வழியில்லை. இவ்வளவும் எனக்குத் தெரியும், இரண்டாம் ஆண்டில் பரீட்சையிலேயே எழுதியிருக்கிறேன்.

அன்று மாஸ்டர் வரவில்லை. பேட்டர்ன் அட்டைகளைத் துணிமேல் அடுக்கும்போது, இடது முன்பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் அழகாக இடுக்கில் உட்கார்ந்தது. உருப்படிக்கு 20 செ.மீ. துணி மிச்சம். பெருமையாக இருந்தது. சாக்பீஸால் வரைந்து, மேலங்கிக்கு ஒன்றாக விரித்திருந்த ஆறு அடுக்கையும் வெட்டிவிட்டேன்.

மறுநாள் மாஸ்டர் முதல் மேலங்கியின் இரண்டு முன்பக்கத்தையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். “ரெண்டு ரோல்லேருந்து எடுத்தியா?” ஒரே ரோல்தான் என்றேன். ஒன்றும் பேசாமல் உள்ளங்கையால் வலதைத் தடவினார், பிறகு இடதை. அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. ஒன்று உஸ்ஸென்றும் மற்றொன்று சரக்கென்றும்.

ரோலில் மிச்சமிருந்த துணியில் இரண்டு மேலங்கிக்கு மட்டும் இடது முன்பக்கம் திரும்ப வெட்ட முடிந்தது. அடுத்த ரோலில் சாய நிறம் இம்மி மாறினாலும் பக்கத்தில் வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் வெளியிலிருந்து வாங்கிச் சேர்க்கவும் முடியாது. 24 மேலங்கி திட்டமிட்டது 20 ஆனது. வீணான துண்டுகள் சின்னப் பைகளாயின.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுது முடித்திருப்பேன். அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டி, “எழுது” என்றார். நஷ்டமானதை எழுதி வைக்கிற நோட்டு. தேதி, எத்தனை உருப்படி, ஏன், யார். ‘4 மேலங்கி, முடித் திசை மாறியது, நான்’ என்று எழுதினேன். முந்தைய பக்கங்களைப் புரட்டினால் ‘12 சட்டை, காஜா தப்புப் பக்கம்’ என்று ஒரு வரி, பக்கத்தில் அக்காவின் கையெழுத்து. அதைப் பார்த்த பிறகுதான் மதியம் சாப்பிட முடிந்தது.

அந்த வாரம் முழுக்க, மாஸ்டர் சொல்லாமலே, அலமாரியில் இருந்த எல்லா பேட்டர்ன் அட்டையிலும் சிவப்பு மார்க்கரால் அம்புக்குறி போட்டேன்.

அடுத்து ஸ்டாப்வாட்ச். ஒரு சட்டைக்கு என்ன விலை வைப்பது என்று கணக்குப் போட, எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துவரச் சொன்னார் அக்கா. துணிதான் பெரிய செலவு என்று நினைத்திருந்தேன். ஃபோனில் கடிகாரத்தை ஓடவிட்டுத் தையல்காரர் பின்னால் போய் நின்றேன். ஐந்து நிமிடத்தில் மிஷின் நின்றது. “என்ன, என்னையப் பார்த்து எழுதுறியா?” முகம் மாறியிருந்தது. இதற்கு முன் அவர் வேலை செய்த பெரிய தொழிற்சாலையில் இப்படி ஒருவர் பின்னால் நின்று எழுதிவிட்டுப் போன மறுவாரமே, ஒரு மணி நேரத்தில் தைக்க வேண்டிய எண்ணிக்கையை ஏற்றினார்களாம். எதற்காக எழுதுகிறேன் என்று முதலில் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டு விளக்கினேன். “அப்ப நானே சொல்றேன், எழுதிக்கோ” என்றார். அவர் சொன்னதும் நான் பிறகு குறித்ததும் அநேகமாக ஒத்துப்போனது. முழுச் சட்டைக்கு 96 நிமிடம், அதில் பட்டி வைத்த காலருக்கு மட்டும் 21. நான் ‘சும்மா ஒரு பாக்கெட்’ என்று வரைந்து கொடுத்ததற்கு 9 நிமிடம், ஏனென்றால் பாக்கெட்டில் இருக்கும் அச்சு சட்டையின் கோட்டோடு பொருந்த வேண்டும். பென்சிலில் ஒரு கோடு கூடுதலாக இழுத்தால் யாரோ ஒருவர் மிஷினில் கூடுதல் நேரம் உட்கார வேண்டும் என்பது அன்றுதான் உறைத்தது.

அந்தப் பாக்கெட்தான் என்னுடைய ஒரே டிசைன். நாணல் புல் வரைந்திருந்தேன், மெல்லிய பேனாவில், இழை இழையாக. அச்சுச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைமேல் ஒரு பூச்சுத் தடவி, படத்தை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும், படம் மறைத்த இடம் தண்ணீரில் கழுவிப் போகும், அந்த வழியாகத்தான் மை இறங்கும். எங்கள் வலையில் சென்டிமீட்டருக்கு 43 நூல். என் புல்லில் பாதி அந்த வலையில் விட்டுப்போனது. அச்சடிக்கிற அண்ணன், “பேனாவ விடும்மா, பிரஷ்ல வரை” என்றார். திரும்ப வரைந்தேன். கோடுகள் தடித்துவிட்டன, எனக்குப் பிடிக்கவில்லை. துணியில் வந்த பிறகு பிடித்தது. மை காய்ந்தால் போதும் என்று நினைத்து முதல் மாதிரியை நேரே தண்ணீரில் நனைத்து அதையும் கெடுத்தேன். சூடு காட்டி இறுக்காத மை துணியில் நிற்காது. அண்ணன் டப்பாவைத் திருப்பிக் காட்டினார், 160 டிகிரி, 3 நிமிடம். அதன் பிறகு வெள்ளைத் துணியால் ஒருமுறை காய்ந்தபடியும் ஒருமுறை ஈரமாகவும் தேய்த்துப் பார்த்தோம். ஒட்டவில்லை.

கடைசி இரண்டு வாரம் திரும்பி வந்த பார்சல்களோடு போனது. 11 சட்டை வந்திருந்தன, அதில் 7 அளவு சரியில்லை என்று. விரித்து அளந்த 54 செ.மீ.யைச் சிலர் சுற்றளவு என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். ‘உங்களுக்குப் பொருந்துகிற சட்டை ஒன்றை மேசையில் விரித்து, இந்த இடத்தில் அளந்து ஒப்பிடுங்கள்’ என்று படம் போட்டு அளவுப் பக்கத்தை மாற்றினேன். உண்மையில் அந்த இடத்துக்கு நான் செய்த உருப்படியான வேலை அதுதான், அது போர்ட்ஃபோலியோவில் போட அழகாக இருக்காது.

கல்லூரி அறிக்கை எழுதுவது தனிக் கூத்து. ‘கற்றுக்கொண்ட மென்பொருள்’ என்ற கட்டத்துக்கு முக்கால் பக்கம் இடம், ‘பிற’ என்பதற்கு இரண்டு வரி. தினமும் சாயங்காலம் நாலு வரி எழுதி வைத்ததால் பிழைத்தேன். எழுதாத மூன்றாவது வாரம் என்ன செய்தேன் என்று யோசித்து யோசித்துத் தலைவலி வந்ததுதான் மிச்சம். வழிகாட்டி, ‘நூல் பிசிறு வெட்டினேன்’ என்பதை ‘ஃபினிஷிங் பிரிவில் பணியாற்றினேன்’ என்று மாற்றச் சொன்னார். அங்கே பிரிவெல்லாம் கிடையாது, ஒரு ஸ்டூல்தான் இருந்தது. மாற்றவில்லை.

அறிக்கை கொடுத்து ஒரு மாதம் கழித்து அக்காவிடமிருந்து ஒரு ஃபோட்டோ வந்தது. கார்டுராய் மேலங்கியின் பேட்டர்ன் அட்டை, அதில் என் சிவப்பு அம்பு. புதிதாக ஒரு பெண் இன்டர்ன் வந்திருக்கிறாளாம். கீழே ஒரு வரி: “இந்த அம்பு, தடவினா வழவழன்னு போற பக்கமா, தடுக்குற பக்கமா? அவ கேக்குறா, மாஸ்டருக்கும் தெரியல.”

அம்பு போட்டேனே தவிர, அது எதைக் காட்டுகிறது என்று ஒரு அட்டையிலும் எழுதவில்லை. உடனே ஃபோன் போட்டேன்.