ஹேண்ட்ஹெல்டு பிசில விண்டோஸா லினக்ஸா: ரெண்டையும் ஒரே மெஷின்ல போட்டு ஓட்டிப் பார்த்த அனுபவம்

ஹேண்ட்ஹெல்டு, அதாவது கையில புடிச்சு விளையாடற கேமிங் பிசி, வாங்கின எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்தக் கேள்வி வந்துடும், கூட வந்த விண்டோஸையே வெச்சுக்கலாமா இல்ல தூக்கிட்டு லினக்ஸ் போட்டுடலாமான்னு. நான் தூக்கல, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டு கொஞ்ச காலமா மாத்தி மாத்தி விளையாடிட்டு இருக்கேன், அதுல தெரிஞ்சதெல்லாம் இங்க எழுதி வெக்கறேன். யூடியூப்ல இந்த விஷயத்த பேசறவங்க எல்லாரும் எஃப்பிஎஸ், அதாவது ஒரு செகண்டுக்கு எத்தன ஃப்ரேம் வருதுங்கற கிராஃப் போட்டுத்தான் ஆரம்பிக்கறாங்க. எனக்கு வித்தியாசம் காட்டிக் கொடுத்தது எஃப்பிஎஸ் இல்லங்க, பவர் பட்டன்.

மெஷினப் பத்தி சொல்லிடறேன். ஏஎம்டி இசட்1 எக்ஸ்ட்ரீம் சிப், 16 ஜிபி ராம், 120 ஹெர்ட்ஸ் ஸ்கிரீன், 40 வாட்-அவர் பேட்டரி. ஸ்டீம்ங்கற கேம் கடைய நடத்தற வால்வோட லினக்ஸ் ஹேண்ட்ஹெல்டு, ஸ்டீம் டெக், வாங்கலாம்னுதான் முதல்ல ஆசை, 2022 பிப்ரவரில வந்ததுல இருந்தே கண்ணு அது மேலதான், ஆனா வால்வ் கம்பெனி அத இந்தியால நேரடியா விக்கறதில்ல, வெளிய இருந்து கொண்டு வந்து விக்கறவங்க கிட்ட வாங்கினா வாரண்டி நம்ம தலையெழுத்து. 2023 ஜூலைல ஆசஸ் ராக் அலை 69,990 ரூபாய்க்கு இங்க வந்த பிறகுதான் கடைல பில் போட்டு வாங்கற மாதிரி ஹேண்ட்ஹெல்டு கிடைக்க ஆரம்பிச்சது. அப்படி இங்க முறையா கிடைச்சதெல்லாம் விண்டோஸ் மெஷின்தான். அதனால நம்ம ஊர்ல லினக்ஸ் வேணும்னா பெரும்பாலும் நாமளே போட்டுக்கற கதைதான்.

போட்டது பஸ்ஸைட். ஃபெடோரா லினக்ஸ் மேல கட்டின டிஸ்ட்ரோ (லினக்ஸோட ஒரு வகை), ஆன் பண்ணா ஸ்டீம் டெக்ல வர்ற அதே கேம் மோட் ஸ்கிரீன்லயே வந்து நிக்கும். 2025 மே மாசம் ஸ்டீம் டெக்ல ஓடற ஸ்டீம்ஓஎஸ்ஸோட 3.7 வெர்ஷன் வந்தப்போ வால்வே மத்த ஏஎம்டி ஹேண்ட்ஹெல்டுகளுக்கும் சப்போர்ட்ட விரிவாக்கினாங்க, அதே மாசம் லெனோவோ லீஜியன் கோ எஸ் ஸ்டீம்ஓஎஸ் போட்டே விற்பனைக்கும் வந்துச்சு. இருந்தாலும் எனக்கு பஸ்ஸைட் வசதியா பட்டதுக்குக் காரணம் செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையெழுத்து இருக்கற ஓஎஸ்ஸ மட்டும் பூட் ஆக விடற பாதுகாப்பு. அத ஆஃப் பண்ணாம இன்ஸ்டால் பண்ணலாம், முதல் பூட்ல ஒரு நீலக்கலர் ஸ்கிரீன் வந்து சாவிய ஏத்திக்கவான்னு கேட்கும், ஒத்துக்கிட்டு பாஸ்வேர்ட் அடிச்சா முடிஞ்சது. இது ஏன் முக்கியம்னு கீழ வரும்போது புரியும்.

டூயல் பூட் பண்றவங்க (ஒரே மெஷின்ல ரெண்டு ஓஎஸ் போடறவங்க) கை வெக்கறதுக்கு முன்னாடி, விண்டோஸோட டிஸ்க் பூட்டான பிட்லாக்கரோட ரெக்கவரி கீய எடுத்து ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க. 48 இலக்க நம்பர். புது விண்டோஸ் மெஷின்ல டிஸ்க் என்கிரிப்ஷன் பெரும்பாலும் தானாவே ஆன் ஆகியிருக்கும், பூட் செட்டிங்ல ஏதாவது மாறினா அடுத்த தடவ விண்டோஸ் அந்த நம்பர கேட்டு நிக்கும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல போய் பார்க்கலாம்தான், ஆனா அந்த நேரத்துல போன்ல நெட் இருக்கணும், அக்கவுண்ட் பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கணும், எதுக்கு அந்த டென்ஷன்.

இன்ஸ்டால் ஆனதும் வர்ற சின்ன வேடிக்கை கடிகாரம். லினக்ஸ்ல இருந்து விண்டோஸுக்கு வந்தா மணி அஞ்சரை மணி நேரம் பின்னாடி இருக்கும். மதர்போர்டு கடிகாரத்துல இருக்கற நேரத்த விண்டோஸ் உள்ளூர் நேரம்னு எடுத்துக்கும், லினக்ஸ் அத யூடிசின்னு, அதாவது உலகப் பொது நேரம்னு, எடுத்துக்கும், நமக்கும் யூடிசிக்கும் அஞ்சரை மணி நேர வித்தியாசம், அதான். நேரம் தப்பா இருந்தா ஸ்டீம் லாகின்ல இருந்து கிளௌட் சேவ் வரைக்கும் எல்லாம் குழம்பும். லினக்ஸ்ல ஒரே ஒரு கமாண்ட் போட்டு உள்ளூர் நேரமாவே எடுத்துக்கச் சொல்லிடலாம், இல்லன்னா விண்டோஸ் ரெஜிஸ்ட்ரில ஒரு என்ட்ரி சேர்த்து அதையும் யூடிசிக்கு மாத்திடலாம். ரெண்டுல ஏதாவது ஒண்ணு மட்டும் பண்ணுங்க, ரெண்டையும் பண்ணா மறுபடியும் வித்தியாசம் வந்துடும்.

அடுத்து டிஸ்க் இடம். 512 ஜிபில ரெண்டு ஓஎஸ், ஒரு கேமே நூறு ஜிபிக்கு மேல வருது, அப்போ ஸ்டீம் கேம் ஃபோல்டர ஒரே என்டிஎஃப்எஸ் (விண்டோஸோட டிஸ்க் ஃபார்மட்) பார்ட்டிஷன்ல வெச்சு ரெண்டு பக்கமும் பங்கு போட்டுக்கலாமேன்னு எல்லாருக்கும் தோணும். நானும் அத சோதிச்சேன், சில கேம் ஓடும், சில கேம் ஸ்டார்ட் ஆகி உடனே மூடிக்கும். உள்ள போய் பார்த்தா காரணம் அழகா தெரியுது. விண்டோஸ் கேம லினக்ஸ்ல ஓட வெக்கற புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குட்டி விண்டோஸ் டிரைவ் மாதிரி ஃபோல்டர் உருவாக்கும், அதுக்குள்ள டிரைவ் எழுத்துக்கு ஒரு இடம், அங்க சி பக்கத்துல முக்காற்புள்ளி (:) வெச்ச பேர்லயே ஒரு லிங்க் இருக்கும். விண்டோஸ்ல ஃபைல் பேருக்குள்ள முக்காற்புள்ளி வரவே கூடாது. லினக்ஸ் அத எழுதிடும், அப்புறம் விண்டோஸ் பூட் ஆகி டிஸ்க் செக் ஓட்டினா இதென்ன பேர்னு சந்தேகப்படும். பங்கு போடறத விட்டுட்டு லினக்ஸ் கேமெல்லாம் லினக்ஸ் பார்ட்டிஷன்லயே வெச்சுட்டேன், அதுக்கப்புறம் இந்தத் தொந்தரவே இல்ல.

இப்போ பவர் பட்டனுக்கு வரேன், எனக்கு இதுதான் மொத்த விஷயமும்.

ஹேண்ட்ஹெல்டுல யாரும் மூணு மணி நேரம் உட்கார்ந்து விளையாடறதில்ல. ட்ரெயின்ல இருபது நிமிஷம், குழந்தை தூங்கின பிறகு அரை மணி, குக்கர் விசில் வர்ற வரைக்கும் பத்து நிமிஷம். எல்டன் ரிங்ல பாஸ் பாதி உயிரோட நிக்கறான், ஸ்டேஷன் வந்துடுச்சு, பவர் பட்டன ஒரு தட்டு தட்டி பையில போட்டுட்டு இறங்கணும், ராத்திரி திரும்ப தட்டினா அதே பாஸ் அதே இடத்துல ஓங்கின கத்தியோட நிக்கணும். லினக்ஸ்ல இது நடக்குது. தட்டினா சில செகண்டுல கேமுக்குள்ள இருக்கோம், நாம டாட்ஜ் பண்ண விரல் ரெடியா வெச்சுக்கிட்டு எழுப்பணும், அவ்ளோ உடனே.

விண்டோஸ்ல ஏன் இது அதே மாதிரி வர்றதில்லன்னு தேடிப் படிச்சேன். இந்த மெஷின்கள்ல ஹார்ட்வேர் தூக்கம் ரெண்டுக்கும் ஒரே வகைதான், பழைய லேப்டாப்ல இருந்த எஸ்3 தூக்கம் (மெமரி தவிர கிட்டத்தட்ட எல்லாத்தையும் நிறுத்தற வகை) இல்ல. வித்தியாசம் சாஃப்ட்வேர்ல. லினக்ஸ் கெர்னல் தூங்கப் போறதுக்கு முன்னாடி ஓடிட்டு இருக்கற எல்லா ப்ராசஸையும் அப்படியே உறைய வெச்சுடும், கேம், ஸ்டீம், பேக்கிரவுண்ட்ல ஓடற எதுவா இருந்தாலும் சரி, அதுக்கு நடுவுல நேரம் போனதே தெரியாது. விண்டோஸோட மாடர்ன் ஸ்டாண்ட்பை போன் மாதிரி இருக்கணும்னு வடிவமைச்சது, கண்ண மட்டும் மூடிட்டு காத தொறந்து வெச்சிருக்கற ஆள் அது, மெயில் வந்தா அப்டேட் வந்தா எழுந்து பார்த்துட்டு மறுபடி படுக்கும். ஆபீஸ் லேப்டாப்புக்கு அது வசதியாவே இருக்கலாம். கேம் நடுவுல இருக்கற மெஷினுக்கு அது சரிப்படல, எழுந்து வரும்போது சில கேம் கிராஷ் ஆகும், சிலதுல சத்தம் போயிடும், பேட்டரி எவ்ளோ மிச்சம் இருக்கும்னு கணிக்கவும் முடியாது. ஹைபர்நேட் (மெமரிய டிஸ்க்ல எழுதி வெச்சுட்டு ஆஃப் ஆகறது) போட்டா பத்திரம்தான், ஆனா எழுந்து வர்ற நேரம் அதிகம், பத்து நிமிஷம் கிடைச்சவனுக்கு அது ஒத்து வராது.

எஃப்பிஎஸ் பத்தியும் சொல்லணும். புரோட்டான் எமுலேட்டர் இல்லங்க, பல பேர் இன்னும் அப்படித்தான் நெனச்சுட்டு இருக்காங்க. விண்டோஸ் ப்ரோக்ராம லினக்ஸ்ல ஓட்டற ஒயின்ங்கற சாஃப்ட்வேர் மேல கட்டினது, 2018 ஆகஸ்ட்ல வால்வ் வெளியிட்டது, கேம் கேட்கற டைரக்ட்எக்ஸ் (விண்டோஸோட கிராஃபிக்ஸ் வழி) அழைப்புகளை லினக்ஸ்லயும் ஓடற வல்கனா மாத்திக் கொடுக்கும், சிபியூ வேலையெல்லாம் நேராவே ஓடும். டைரக்ட்எக்ஸ் 11 வரைக்கும் அந்த வேலைய செய்யற டிஎக்ஸ்விகே-வ பிலிப் ரெபோலே ஆரம்பிச்சதே நியர் ஆட்டோமேட்டாவ லினக்ஸ்ல விளையாடணும்னுதான். ஒரு ஆளோட ஆசைல பொறந்தது இன்னிக்கு இத்தன மெஷின்ல ஓடுதுன்னு நெனச்சா எனக்கு உண்மையிலயே நெகிழ்ச்சியா இருக்கு.

நான் பார்த்த வரைக்கும் சராசரி எஃப்பிஎஸ் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், சில கேம்ல லினக்ஸ் கொஞ்சம் மேல, சிலதுல விண்டோஸ் கொஞ்சம் மேல. கையில உணர்ற வித்தியாசம் ரெண்டு இடத்துல. ஒண்ணு ஷேடர் (வெளிச்சம், நிழலெல்லாம் வரையற சின்ன ப்ரோக்ராம்) கம்பைல் ஆகறதால, புது ஏரியாக்குள்ள நுழையும்போது வர்ற அந்தத் திக்கல். ஸ்டீம் டெக்குக்கு கம்பைல் பண்ணின ஷேடரே டவுன்லோட் ஆகிடும், மத்த சிப்புக்கு கேம் தொடங்கறதுக்கு முன்னாடி நம்ம மெஷின்லயே ஒரு தடவ ஓட்டி வெச்சுக்கும், கொஞ்சம் காத்திருக்கணும், அப்புறம் திக்கல் கம்மி. இன்னொண்ணு வாட் கட்டுப்பாடு. கேம் மோட்ல ஒரு பட்டன அமுக்கினா பக்கவாட்டுல மெனு வரும், அங்கயே எஃப்பிஎஸ் எல்லை, வாட் எல்லை, ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியா சேவ் பண்ணிக்கலாம். விண்டோஸ்லயும் மெஷின் கம்பெனியோட ஆப் இருக்கு, பண்ண முடியும், ஆனா இங்க எல்லாம் ஒரே இடத்துல இருக்கறது பழகின பிறகு பெரிய விஷயம்.

40 எஃப்பிஎஸ் போட்டுப் பார்க்காதவங்க கண்டிப்பா போட்டுப் பாருங்க. 30ல ஒரு ஃப்ரேமுக்கு 33.3 மில்லிசெகண்ட், 60ல 16.7, ரெண்டுக்கும் சரியா நடுவுல வர்றது 25, அதாவது 40 எஃப்பிஎஸ். நம்பர்ல பார்த்தா 30க்கு பக்கத்துல இருக்கு, கைக்கு பாதி தூரம் 60க்கு போன மாதிரி இருக்கும். 120 ஹெர்ட்ஸ் ஸ்கிரீன்ல ஒரு ஃப்ரேம் சரியா மூணு ரிஃப்ரெஷ், அதனால நடுக்கமும் இல்ல. பேட்டரி கணக்கும் நேரடியானது, மொத்த மெஷினும் 20 வாட் இழுத்தா 40 வாட்-அவர் ரெண்டு மணி நேரத்துல காலி, 13 வாட்டுக்கு இறக்கினா மூணு மணி நேரம். சைபர்பங்க் மாதிரி கேமுக்கு இது கஷ்டம், ஹேடிஸ், ஸ்டார்ட்யூ வேலி மாதிரி கேமுக்கெல்லாம் தாராளம்.

ஓடாத விஷயங்களும் இருக்கு, மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. பழைய கேம் ஒண்ணுல கதைக் காட்சி வர்ற இடத்துல பழைய தூர்தர்ஷன்ல நிகழ்ச்சி இல்லாதப்போ காட்டுவாங்களே அந்தக் கலர்ப் பட்டை வந்து நின்னுச்சு, சத்தமும் இல்ல. வீடியோ கோடெக் லைசன்ஸ் பிரச்சினையால வால்வ் சிலத புரோட்டான்ல சேர்த்துத் தர முடியாது, அதான் அந்தப் பட்டை. ஜிஇ புரோட்டான்னு தனி பில்ட் ஒண்ணு இருக்கு, அதுக்கு மாத்தினதும் காட்சி வந்துடுச்சு. எபிக், ஜிஓஜி கேமுக்கு ஹீரோயிக் லாஞ்சர் போட்டா போதும். மைக்ரோசாஃப்டோட சந்தா சேவையான கேம் பாஸ் மட்டும் லினக்ஸ்ல இன்ஸ்டால் பண்ணி விளையாட வழியே இல்ல, கிளௌட்ல ஸ்ட்ரீம் பண்ணலாம், அதுக்கு நம்ம வீட்டு நெட் ஒத்துழைக்கணும்.

பெரிய சுவர் ஆன்டி-சீட், ஆன்லைன் கேம்ல ஏமாத்தறவங்கள புடிக்கற சாஃப்ட்வேர். வேலரன்ட், ஃபோர்ட்நைட், கால் ஆஃப் டியூட்டி, பேட்டில்ஃபீல்டு 6 எதுவும் லினக்ஸ்ல ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஓடிட்டு இருந்துச்சு, 2024 அக்டோபர் கடைசில லினக்ஸ அடைச்சுட்டாங்க. அதுக்கு முந்தின மாசம் ஜிடிஏ ஆன்லைனும் பேட்டில்ஐங்கற ஆன்டி-சீட்ட சேர்த்ததுல போயிடுச்சு. இதுல எனக்கு மனசு கேட்காத விஷயம் என்னன்னா, ஈசி ஆன்டி-சீட்டும் பேட்டில்ஐயும் 2021லயே புரோட்டான் சப்போர்ட் கொடுத்துட்டாங்க, கேம் செய்யறவங்க ஒத்துக்கிட்டா போதும், பல பேர் ஒத்துக்கல. ஏமாத்தறவங்க லினக்ஸ் வழியா வர்றாங்கன்னு ஏபெக்ஸ் டீம் காரணம் சொன்னாங்க, அவங்க கவலை புரியுது, ஆனா நேர்மையா விளையாடினவன் வாங்கின ஸ்கின்னெல்லாம் ஒரே நாள்ல அவன் மெஷின்ல செல்லாக்காசு ஆனதுக்கு யாரும் பதில் சொல்லல.

ஆனா ஒண்ணு கவனிச்சேன். நான் விண்டோஸ்க்கு போற நேரமெல்லாம் மெஷின் என் கையில இருக்கறதில்ல. ஞாயித்துக்கிழமை காலேஜ் ஃப்ரெண்ட்ஸோட வேலரன்ட் போடறப்போ யூஎஸ்பி-சி டாக்ல மாட்டி, மானிட்டர், கீபோர்டு, மவுஸ் வெச்சு மேசைல உட்கார்ந்துதான் விளையாடறேன், அந்த கேம் பிசில கன்ட்ரோலர ஏத்துக்கவே ஏத்துக்காது. விண்டோஸ் 11ல அதோட ஆன்டி-சீட்டுக்கு செக்யூர் பூட் ஆன்ல இருந்தே ஆகணும், மேல செக்யூர் பூட் பத்தி அவ்ளோ சொன்னது இதுக்குத்தான், ஒவ்வொரு தடவையும் பயாஸ்க்குள்ள போய் மாத்திட்டு இருக்க வேண்டாம். மேசைக்கு விண்டோஸ், கைக்கு லினக்ஸ்னு தானா பிரிஞ்சுடுச்சு.

விண்டோஸ் பக்கமும் சும்மா இல்ல. 2025 அக்டோபர்ல ராக் எக்ஸ்பாக்ஸ் அலையோட ஃபுல் ஸ்கிரீன் எக்ஸ்பீரியன்ஸ் வந்துச்சு, டெஸ்க்டாப்ப லோட் பண்ணாம நேரா எக்ஸ்பாக்ஸ் ஆப்ல பூட் ஆகும், அதுல 2 ஜிபி வரைக்கும் மெமரி மிச்சமாகும்னு மைக்ரோசாஃப்ட் சொல்றாங்க, அப்புறம் மத்த மெஷின்களுக்கும் கொடுத்தாங்க. 16 ஜிபிய கிராஃபிக்ஸும் சிபியூவும் பங்கு போட்டுக்கற மெஷின்ல 2 ஜிபி பெரிய வரம். ஆன் பண்ணிப் பார்த்தேன், கன்ட்ரோலர்லயே எல்லாம் சுத்தி வரலாம், நல்லாவே இருக்கு. தூக்கம் மட்டும் பழைய தூக்கம்தான்.

இப்போதைக்கு லினக்ஸ்தான் டீஃபால்ட் பூட், விண்டோஸுக்கு 150 ஜிபி. அடுத்த வேலை எஸ்எஸ்டிய 1 டிபிக்கு மாத்தறது. 2230 (22க்கு 30 மில்லிமீட்டர்) அளவுல நல்ல எஸ்எஸ்டி யாராவது நம்ம ஊர்லயே வாங்கி, வெயில் காலத்துல சூடு தாங்குதான்னு பார்த்திருந்தா கமெண்ட்ல மாடல் பேரோட சொல்லுங்க, மாத்தின பிறகு ரெண்டு பார்ட்டிஷனையும் அப்படியே குளோன் பண்ண முடியுதா இல்ல புதுசா போடணுமான்னு அடுத்த பதிவுல எழுதறேன்.