குப்பியின் அடியில் படிந்தது

"இந்த வெள்ளைக்கண்ணியிடமிருந்துதானே எடுத்தாய்?" என்று நுண்ணோக்கியில் இருந்த மைட்டைப் பற்றி மேடம் கேட்டார். பறவை இறகில் வாழும், உண்ணி போன்ற சிற்றுயிர் அது. "ஆமாம் மேடம்" என்றேன். அந்தப் பதிலில் பொய் இல்லை என்று எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

வெள்ளைக்கண்ணிப் பறவையின் சிறகை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தபோது என் கண்ணாலேயே பார்த்தேன். இறகுத் தண்டை ஒட்டி, இழைகளுக்கு நடுவே, தூசியைக் கோத்து வைத்ததுபோல மைட்டுகள் வரிசையாக ஒட்டிக்கிடந்தன. ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஈரத் தூரிகையால் பதினொன்றைத் தொட்டெடுத்தேன். அவை சந்தேகத்துக்கு இடமில்லாமல் அந்தப் பறவையுடையவை. ஆனால் பதினொன்றும் பெண்களும் குஞ்சுகளும். மேடம் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த ஆண், பறவையை வைத்திருந்த துணிப்பையை ஆல்கஹாலில் அலசியபோது குப்பியின் அடியில் படிந்தது. அதே பையில் காலையில் சின்னான் என்ற வேறொரு பறவையை வைத்திருந்தோம். பையை உதறினேன், துவைக்கவில்லை.

இந்த மைட்டுகள் சேர்ந்த புரோக்டோஃபில்லோடஸ் பேரினத்தில் ஆணின் பிறப்புறுப்பைப் பார்க்காமல் இனத்தை உறுதிசெய்வது கடினம். இதற்கு அது சாட்டைபோல் நீண்டு வளைந்திருந்தது. அட்டியோ, பிராஷ் என்ற ஆய்வாளர்கள் இந்தப் பேரினத்தைப் பற்றி 1966-இல் வெளியிட்ட பெருந்தொகுப்பின் படங்களிலும் பின்னால் வந்த கட்டுரைகளிலும் தேடினோம், எதனோடும் ஒத்துப்போகவில்லை. புதிய இனமென்றால் அந்த ஒற்றை ஆண்தான் மூல மாதிரி, பெயருக்கு நிலையான ஆதாரம். பெயரோடு ஓம்புயிரியின், அதாவது அது வாழும் பறவையின், பெயரும் அச்சாகும். இந்த மைட்டுகள் பெரும்பாலும் கூட்டில் தாய் தந்தையிடமிருந்து குஞ்சுக்குப் போகிறவை. பறவையின் பெயர் தவறினால் மைட்டின் வம்சக் கதையே தவறும்.

இத்தனையும் தெரிந்தே மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு முடியாக அளந்து படம் வரைந்தேன். மேடம் கேட்டது பறவையைப் பற்றித்தான், பையைப் பற்றி அல்ல என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். படம் முடிந்த அன்றுதான் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஸ்லைடைக் கையில் வாங்கி, லேபிளில் பறவையின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, பெட்டியில் வைத்து மூடினார். திட்டியிருந்தால் தேவலை என்று இன்றும் தோன்றுகிறது.

சொன்னது சரிதான். ஆனால் சில நாட்களில் வேறு எண்ணம் வருகிறது. உதறிய பையில் சின்னானின் மைட்டு மிஞ்சியிருக்க எத்தனை வாய்ப்பு? என் சந்தேகத்தால் ஓர் உயிர் பெயரில்லாமல் கிடக்கிறதோ? அல்லது மூன்று வாரம் மறைத்ததற்குப் பரிகாரமாகச் சந்தேகத்தைப் பெரிதாக்கிச் சொன்னேனோ? எனக்கே தெளிவில்லை.

அதன் பிறகு பறவைக்கு ஒரு புதுப்பை. போன பருவத்தில் நான்கு வெள்ளைக்கண்ணிகளும் மூன்று சின்னான்களும் வலையில் விழுந்தன. வெள்ளைக்கண்ணிகளில் இரண்டு ஆண் மைட்டுகள் கிடைத்தன. இரண்டுக்கும் உறுப்பு குட்டையானது. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரே பறவையில் இரண்டு இனங்கள் சேர்ந்து வாழ்வதும் உண்டு. சின்னான்களிலும் சாட்டை உறுப்புள்ள ஆண் இல்லை.