ரேஷன் அரிசியைத் தள்ளிவிடுவதற்கு முன்

நான்கு பெரியவர்கள் உள்ள அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி. 2011 ஜூனிலிருந்து அதற்குக் காசில்லை. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் பாக்கெட் 25, சர்க்கரை கிலோ 25. பருப்பையும் எண்ணெயையும் வைத்துக்கொண்டு அரிசியை மட்டும் கோழிக்குப் போட்டுவிட்டு, கிலோ 60 ரூபாய்க்குப் பொன்னி வாங்கும் வீடுகள் தெருவுக்குப் பத்து இருக்கும். 20 கிலோவுக்கு 1,200 ரூபாய். மளிகைச் செலவைக் குறைக்கக் கை வைக்க வேண்டிய இடம் இதுதான். கொத்தமல்லிக் கட்டுக்குப் பேரம் பேசுவதெல்லாம் அப்புறம்.

இந்த அரிசியின் மேல் இரண்டு புகார்: வாடை, வண்டு. இரண்டுமே சாக்கிலும் கிடங்கிலும் கிடந்ததால் வருபவை. வாங்கி வந்த அன்றே புடைத்து, கல் பொறுக்கி, காலை இளவெயிலில் இரண்டு மணி நேரம் பரப்பி வைக்க வேண்டும். உச்சி வெயிலில் காயப்போட்டால் அரிசியில் விரிசல் விழும். அப்புறம் உலையில் உடைந்து குழைந்து போய்விட்டு, ‘ரேஷன் அரிசியே இப்படித்தான்’ என்று பேர் வாங்கும். நன்றாக ஆறிய பிறகுதான் டின்னில் கொட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துக் கட்டிதட்டும், பூசணம் பிடிக்கும். 10 கிலோவுக்குப் பத்துக் காய்ந்த மிளகாய், ஒரு துண்டு வசம்பு போதும்.

கழுவும்போது நாலு அரிசி வெளுப்பாக, வேறு மாதிரி தெரியும். சிலது தண்ணீரில் மிதக்கும். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று வாட்ஸாப்பில் சுற்றுவது இதுதான். அது அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அச்சில் பிழிந்த செறிவூட்டிய மணி. நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருப்பார்கள். பொறுக்கி எறியவும் வேண்டாம், கழுநீரோடு ஊற்றிவிடவும் வேண்டாம். வீட்டில் தலசீமியா உள்ளவர் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாடை போக வழி இருக்கிறது. இரண்டு முறை கழுவி, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, அரை ஸ்பூன் கல் உப்புப் போட்டு அரை மணி நேரம் வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை அலச வேண்டும். பிறகு குக்கரை விட வடிப்பதே மேல், மிச்ச வாடை கஞ்சியோடு போய்விடும். ஒரு டம்ளர் அரிசிக்கு ஆறு டம்ளர் தண்ணீர் கொதித்த பிறகு அரிசியைப் போட்டு, அழுத்திப் பார்த்து நடுவில் வெள்ளைப் பொட்டு மறைந்ததும் வடிக்கலாம். குக்கர்தான் என்றால் ஒன்றுக்கு மூன்று தண்ணீர், ஐந்து விசில். ஊற வைக்காத அரிசிக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது. மேலே குழைந்து உள்ளே விறைப்பாக நிற்கும், கேஸும் கூடுதலாகப் போகும்.

சோறு பிடிக்கவே இல்லையென்றால் மாவு. ரேஷன் புழுங்கலரிசியின் உண்மையான இடம் கிரைண்டர்தான் என்பேன். ஒரு கிலோ புழுங்கலுக்கு 250 கிராம் முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம், ஒரு கைப்பிடி அவல். அரிசி ஐந்து மணி நேரம் ஊறட்டும். உளுந்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிகம் ஊறினால் மாவு காணாது. உளுந்தை முதலில் போட்டு, குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து 25 நிமிடம் ஆட்ட வேண்டும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் ஆட்டுங்கள். அரிசியை நைசாக விடாமல் ரவைப் பதத்தில் வழித்து, உப்புப் போட்டு, கையால் கரைத்து வைக்கலாம். சென்னை மே மாதத்தில் ஆறு மணி நேரத்தில் பொங்கிவிடும். மார்கழியில் பன்னிரண்டும் ஆகும்.

இட்லி தட்டையாக வந்தால் பெரும்பாலும் பழைய உளுந்து, இல்லையென்றால் கிரைண்டர் சூடேறியது. கல்லாக வந்தால் உளுந்து போதவில்லை. நடுவில் பிசுபிசுத்தால் தண்ணீர் அதிகம். பழைய உளுந்து என்று தெரிந்தால் 300 கிராமாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

இதில் ஏறக்குறைய மூன்று கிலோ மாவு, 60 இட்லிக்குக் குறையாது. செலவு கால் கிலோ உளுந்தும் உப்பும் கரண்டும், 40 ரூபாய்க்குள் அடங்கும். அதே காசுக்குக் கடையில் ஒரு கிலோ பாக்கெட் மாவு கிடைப்பதே கஷ்டம். தொட்டுக்கொள்ளத் தேங்காய் விலை ஏறிக் கிடந்தால் வேர்க்கடலைச் சட்னி, அதுவும் வேண்டாமென்றால் பொடி.

ஒரு கிலோ பருப்பு மாதம் முழுக்க வர வேண்டும் என்றால் ஒரு சாம்பாருக்கு 75 கிராம். நாலு பேருக்குப் பற்றாது என்று தோன்றும். ஒரு கீற்றுப் பரங்கிக்காயைப் பருப்போடே வேகவைத்து மசித்தால் குழம்பு திக்காகிவிடும், இனிப்பு தட்டினால் ஒரு மிளகாய் கூட. பருப்பு வேகவே இல்லை என்ற புலம்பலுக்குப் பாதி நேரம் தண்ணீர்தான் காரணம். போர் தண்ணீரின் கடினத்தன்மை பருப்பை இளக விடாது. பருப்புக்கு மட்டும் குடிதண்ணீர் ஊற்றுங்கள், அரை மணி நேரம் ஊற விடுங்கள். புளியும் தக்காளியும் பருப்பு மலர்ந்த பிறகுதான், புளிப்பு முன்னால் சேர்ந்தால் எத்தனை விசில் விட்டாலும் முழித்துக்கொண்டு நிற்கும்.

காய்க்கு உழவர் சந்தை. 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் முதலாவது திறந்ததிலிருந்தே விலைப்பலகை வைப்பது அங்கே வழக்கம். வாசலில் அதைப் படித்துவிட்டு உள்ளே போனால் பேரம் பேசும் வேலை மிச்சம். கீரைக்கு விடியற்காலை. கத்தரி, வெண்டை, பூசணிக்குக் கடை கட்டுகிற நேரம், விலையை இறக்கித் தள்ளிவிடுவார்கள். தெருவில் கூறு போட்டு விற்கும் தக்காளி மலிவாகத் தெரியும். ஒரு தரம் எடை போட்டுப் பாருங்கள், பல நாள் சந்தை விலையை விட அதிகமாகவே இருக்கும். என்ன சமைப்பது என்று வீட்டில் முடிவு செய்துவிட்டுப் போகாதீர்கள். அன்றைக்கு எது குவிந்து கிடக்கிறதோ அதுதான் கூட்டும் பொரியலும்.

பீர்க்கங்காய் வாங்கினால் தோல் துவையலுக்கு. இரண்டு காயின் தோலை நரம்பு சீவிவிட்டுப் பொடியாக நறுக்கி, ஒரு ஸ்பூன் எண்ணெயில் ஈரம் வற்றும் வரை வதக்க வேண்டும். ஒரு ஸ்பூன் உளுத்தம்பருப்பு, மூன்று வற்றல் மிளகாய் வறுத்து, கொட்டைப்பாக்களவு புளியும் உப்பும் சேர்த்து அரைத்தால் ஒரு வேளைச் சோற்றுக்கு ஆச்சு. ஈரத்தோடு அரைத்தால் பச்சை வாடை அடிக்கும். நறுக்கும்போதே ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்கவும். பீர்க்கனோ சுரையோ கசந்தால் காயோடு சேர்த்துக் குப்பைதான். அந்தக் கசப்பு விஷம், வேகவைத்தாலும் போகாது, அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

மீனில் மத்திக்கு இணை இல்லை, தெற்கே சாளை என்பார்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, அந்த 61 நாளும் மீன் விலையைக் கேட்கவே முடியாது. பங்குனியிலேயே அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கி, தலை கிள்ளி, ஒரு வெயில் காட்டி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள்.