ஆச்சியின் பாம்படத்தில் பாதி அரக்கு

ஆச்சியின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் அவள் காதில் தொங்கிய பழைய தங்க நகையான பாம்படம் இரண்டையும் அம்மாவும் சித்தியும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். ஜோடி நகையை யாராவது பிரிப்பார்களா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் பிரித்தார்கள். சித்தியோடது தென்காசிக்குப் போனது. அம்மாவோடது களியக்காவிளை வீட்டு பீரோவில், பழைய பவுடர் டப்பாவுக்குள் பதினோரு வருஷம் கிடந்தது.

போன வருஷம் அம்மா அதை என்னிடம் கொடுத்து, "கடையில போட்டு உனக்கு ஏதாவது எடுத்துக்கோ" என்றாள். ஒரு பெரிய கடைக்குப் போனேன். கடைக்காரர் தராசில் வைத்தார். 19.4 கிராம். கையில் ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே அடைத்திருக்கும் அரக்குக்குப் பாதி கழிவு, அப்புறம் பழைய தங்கம் என்பதால் இன்னொரு கழிவு என்றார். உடைத்துப் பார்க்காமலே பாதி என்றது எனக்குச் சுருக்கென்றது. திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டில் மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதுவரை அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை. கீழே சதுரத் தட்டு, அதன்மேல் உருண்டை, பக்கத்தில் கூம்பு, இரண்டுக்கும் நடுவே ஒரு வளைவு. பூ இல்லை, மயில் இல்லை, மாங்காய் இல்லை. படமெடுத்த பாம்பு என்று சொல்லித்தான் தெரியும். இதைச் செய்த ஆசாரி கணக்கு வாத்தியாராக இருந்திருக்க வேண்டும். கல்லூரிக் காலத்தில் ஆசைக்கு ஆறு மாதம் நகை வடிவமைப்பு படித்தேன். அங்கே ‘நவீனம்’ என்று காட்டிய படங்களில் பாதி இப்படித்தான் இருந்தன. என் ஆச்சியோ இதைப் போட்டுக்கொண்டு கிழங்கு உரித்தாள்.

இதையே சின்னதாக, என் காதுக்கு ஆகிற மாதிரி செய்தால் என்ன என்று அன்றுதான் தோன்றியது. என்னுடையது சாதாரணக் கம்மல் துளை. ஆச்சிக்கு வடித்த காது, தோள்வரை தொங்கும். அம்மாவின் தலைமுறையில் அது நாகரிகம் இல்லை என்றாகிவிட்டது. அந்தக் காலத்தில் வடித்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டவர்களும் உண்டு.

முதலில் வரைந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாம்படத்தின் கீழ் ஒரு லட்சுமி, பக்கத்துக்கு ஒரு மயில், ஓரத்தில் முத்து. அதை எடுத்துக்கொண்டு நாகர்கோவில் வடசேரிக்குப் போனேன். நாகர்கோவில் கோவில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்த நகையெல்லாம் வடசேரிப் பட்டறைகளில் செய்வதுதான். சாமிக்குச் செய்தது, பிறகு பரதநாட்டியக்காரர்களுக்குப் போனது. வெள்ளியில் செய்து, தங்க ரேக்கு ஒட்டி, சிவப்புக் கெம்புக்கல் பதிப்பார்கள். தோழியின் அப்பாவுக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர் தங்க வேலையும் செய்வார். அவர் என் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மக்ளே, இது காதுக்கா, கோயில் கதவுக்கா?" என்றார்.

பாம்படத்தை எடுத்துக் காட்டினேன். அதைக் கையில் வாங்கியதும் அவர் முகமே மாறிவிட்டது. "இதுல என்ன குறைச்சல்னு இதெல்லாம் ஒட்டுதீங்க?" என்றார். பேசாமல் பேருந்து ஏறிவிட்டேன்.

அடுத்த மூன்று வாரம் அழிக்கிற வேலைதான். பாம்படத்தைக் காகிதத்தில் வைத்து நாலு பக்கமும் கோடு இழுத்தேன். மயில் போனது, லட்சுமி போனாள், முத்தும் போனது. கடைசியில் சதுரம், உருண்டை, கூம்பு மூன்றும் மிஞ்சின. காது எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, பழைய கம்மலில் ஒரு ரூபாய் நாணயத்தை டேப்பில் ஒட்டி ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள் திரிந்தேன். நாணயம் ஏறக்குறைய 4 கிராம். சாயங்காலம் வரை வலி இல்லை. இரண்டு நாணயம் ஒட்டியபோது மத்தியானமே கழற்றிவிட்டேன். ஆக, ஒரு காதுக்கு 4 கிராம்.

திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டரில் நகை வரையும் பையன் ஒருவன் தெரிந்தவன். அவனிடம் கொடுத்தேன். திரையில் சுழற்றிக் காட்டியபோது அவ்வளவு அழகு. எடை கேட்டால் ஒரு காதுக்கு 7.2 கிராம் என்றது மென்பொருள். வார்ப்பில் உள்ளே கூடாக மூடிய பொள்ளல் நேரடியாக வராது, இரண்டு பாதியாக வார்த்துப் பற்றவைக்க வேண்டும், சுவரும் கனமாக இருக்க வேண்டும் என்றான். சரி, தங்கம் வேண்டாம், ரெசினில் ஒன்று அச்சடித்துக் கொடு என்று வாங்கிக்கொண்டேன். நானூறு ரூபாய். மொத்த வேலையிலும் உருப்படியான செலவு அதுதான். காதில் ஒட்டிக் கண்ணாடியில் பார்க்க முடிந்தது, கூம்பு ரொம்ப நீளம் என்று தெரிந்தது.

அதோடு மறுபடி வடசேரி. இந்த முறை ஆசாரி அண்ணாச்சி சிரிக்கவில்லை. பாம்படத்தை உடைக்க அம்மாவும் கூட வந்திருந்தாள். உமியோட்டில் தணலை ஊதி, இடுக்கியில் பிடித்துக் காட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் மூட்டு விட்ட இடத்தில் காப்பி நிறத்தில் ஒரு துளி எட்டிப் பார்த்தது. அரக்கு. தபால் ஆபீஸ் வாசனை. அது ஒழுக ஒழுகத் தகடு லேசாகி, கடைசியில் தட்டில் விழுந்தபோது சத்தமே வரவில்லை, காகிதம் விழுந்த மாதிரி இருந்தது. அரக்கில் செங்கல்பொடி கலந்திருந்தது. சுத்தம் செய்து தராசில் வைத்தார். 10.1 கிராம்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. கடைக்காரர் சொன்ன அந்தப் பாதி சரிதான் என்பதை நானும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டாவது கழிவை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஏமாத்திட்டாங்களோ?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். "ஏமாத்தெல்லாம் இல்லைங்க. தகடு இந்த மெல்லிசுக்கு உள்ள அரக்கு இல்லேன்னா விரல் பட்டாலே சொட்டை விழும். அரக்குதான் தாங்கிப் பிடிச்சிருக்கு" என்றார் ஆசாரி. பெரிசாகத் தெரியவும் வேண்டும், தங்கமும் குறையவேண்டும். நாங்கள் இன்றைக்கு ‘லைட் வெயிட்’ என்று கேட்பதை அந்தக் காலத்து ஆசாரி அரக்கை வைத்துச் சாதித்திருக்கிறார்.

மாற்றுப் பார்த்ததில் நூற்றுக்கு 82 தங்கம். பொடி வைத்துப் பற்றவைத்த பழைய தகட்டை அப்படியே உருக்கி அடித்தால் வெடிக்கும் என்று சொல்லி, முதலில் சுத்தம் செய்து எடுத்தார். அப்புறம்தான் சண்டை. 22 காரட்டில் செய்தால் மெல்லிய தகடு நிற்காது, மறுபடி அரக்கு அடைக்க வேண்டும். அடைத்தால் எடை கூடும். 18 காரட் கெட்டி, பொள்ளலாக நிற்கும். நான் 18 என்றேன். "916 இல்லாத நகையை வீட்டுக்குள்ள கொண்டு வரவா?" என்று அம்மா பட்டறையிலேயே கேட்டாள். 18-க்கும் ஹால்மார்க் உண்டு, முத்திரையில் 750 என்று இருக்கும் என்று சொன்னேன். நம்பவில்லை. அரைமனதாகத் தலையாட்டினாள். கணக்கு இதுதான்: சுத்தத் தங்கம் 8.28 கிராம், செம்பும் வெள்ளியும் சேர்ந்ததும் 18 காரட்டில் 11 கிராம்.

நேராகத் தங்கத்தில் இறங்காமல் வெள்ளியில் ஒன்று செய்து பார்க்கலாம் என்றார். நல்லவேளை. போட்டதும் கம்மல் முன்பக்கம் கவிழ்ந்து தரையைப் பார்த்தது. கனம் முழுக்கக் காதுக்கு முன்னால் துருத்திக்கொண்டு நின்றதால் வந்த வினை. காதுத் துளையில் நுழையும் தண்டை நடுவில் வைக்காமல் மேலே ஏற்றி, பின்னால் திருகாணிக்கு அகலமான வட்டத் தட்டு வைத்தோம். நிமிர்ந்தது. வரைபடத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை.

தங்கத்தில் அவர் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சதுரப் பகுதியை வார்க்கவில்லை. பள்ளியில் அட்டைப்பெட்டி விரித்து வரைவோமே, அதே மாதிரி தகட்டை வெட்டி, மடிக்கிற கோடுகளில் அரத்தால் பள்ளம் எடுத்து, மடித்து, வெங்காரம் தடவிப் பற்றவைத்தார். ஆறு முகமும் மூடியபின் முதுகில் ஊசிமுனை அளவு ஓட்டை. தண்ணீர் போகுமே என்றேன். "காத்து போக வழியில்லேன்னா சூட்டுல வெடிச்சிரும் மக்ளே."

கூம்பின் நுனியில் ஒரு பச்சைக்கல். இது என் மாமியார் உபயம். அவர் கேரள எல்லையிலுள்ள பாறசாலைக்காரர், அவருடைய பச்சைக்கல் பாலக்கா மாலையிலிருந்து உதிர்ந்த இரண்டு கல்லைக் குங்குமச் செப்பில் வைத்திருந்தார். வெறும் கண்ணாடிக்கல்தான். பின்னால் ரேக்கு வைத்து மூடிப் பதித்தால்தான் மின்னும். ஈரம் ஏறினால் மங்கிவிடும், அதனால் குளிக்கும்போது கழற்றிவிடுகிறேன். 1956 நவம்பர் 1 வரை களியக்காவிளையும் பாறசாலையும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். நெல்லை பாம்படமும் மலையாளத்துப் பாலக்காவும் ஒரே காதில் இருப்பதில் மாமியாருக்குப் பெருமை. அம்மாவுக்குக் கொஞ்சம் சந்தேகம்.

ஹால்மார்க் ஆசாரி நேரடியாகப் போட முடியாது. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு உள்ள கடை மூலமாகத்தான் சோதனை மையத்துக்குப் போகும். அவர் வேலை எடுக்கும் கடை வழியாக அனுப்பினார். நாலு நாளில் தண்டில் லேசர் முத்திரையோடு வந்தது: பிஐஎஸ் சின்னம், 18 காரட் 750, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு. பிஐஎஸ் கேர் செயலியில் அந்தக் குறியீட்டைப் போட்டு அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டுமுறை படித்தாள். அப்புறம் 916 பேச்சு இல்லை.

ஜோடி 7.9 கிராம். சேதாரம் போக மிச்சத் தங்கத்தைக் குண்டுமணி போல உருட்டி ஒரு பொட்டலத்தில் கொடுத்தார், கூடவே அரக்குக் கட்டியையும். அது கொஞ்சம் உருகினாலும் உள்ளே இருந்த வடிவம் இன்னும் தெரிகிறது. பவுடர் டப்பாவில் இப்போது அது இருக்கிறது.

புகைப்படம் அனுப்பிய அன்றே தென்காசியிலிருந்து சித்தி போன் செய்தாள். அந்த ஆசாரி நம்பர் வேண்டுமாம். "உங்களுக்கும் கம்மலா சித்தி?" என்றேன்.

"கம்மலா? போடி. என்னதுல ஒரு சொட்டை விழுந்துருக்கு, அரக்கு நல்லா அடைச்சுத் தருவாரான்னு கேளு."