இன்ஜினை இறக்கியாச்சு, இனி எதையெல்லாம் மாற்றுவது?

2023 டிசம்பர் 4 காலை, மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியில் எங்கள் தெருத் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. எல்லோரும் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துகிறார்களே என்று நானும் அப்பாவின் சான்ட்ரோவை எடுத்தேன். தெருமுனை தாண்டுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. பதற்றத்தில் சாவியை இன்னும் இரண்டு தடவை திருப்பினேன். அதைச் செய்திருக்கவே கூடாது. தண்ணீர் வடிந்த பிறகு, மடிப்பாக்கத்தில் பல வருடப் பழக்கமுள்ள மெக்கானிக் அண்ணன் வந்து கட்டி இழுத்துப் போனார்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றியபோது தண்ணீர் பீய்ச்சி அடித்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வர இடமில்லாதபோது வளைவது அதைக் கீழிருந்து தள்ளும் கம்பியான கனெக்டிங் ராட்தான். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைத் திறந்து பார்த்தோம். மூன்றாவது பிஸ்டன் மட்டும் மற்றவை வந்து நிற்கும் மட்டத்துக்கு வரவில்லை. “ராடு வளைஞ்சிருக்கும்மா, இன்ஜின இறக்கித்தான் ஆகணும்” என்றார் அண்ணன்.

புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் ஒன்றை வாங்கிப் பொருத்திவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். ஊரே மூழ்கி எழுந்த மாதத்தில், அந்த இன்ஜின் எந்தத் தண்ணீரில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? நம்முடையதையே சரிசெய்வது என்று முடிவானது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும்தான் இருந்தது, அதனால் செலவு முழுக்க எங்கள் கையிலிருந்து.

முதலில் அப்பாவிடம் ஒன்று கேட்டேன்: இந்த வண்டியை இன்னும் எத்தனை வருடம் ஓட்டப் போகிறோம்? 2006இல் பதிவான கார். 15 வருடம் முடிந்து 2021இல் 5 வருடத்துக்குப் புதுப்பித்திருந்தோம். குறைந்தது 2026 வரை ஓட்டுவேன் என்றார். அது தெரிந்த பிறகுதான் எதையெல்லாம் மாற்றுவது என்ற பட்டியலே தெளிவானது. இன்னும் இரண்டு மூன்று வருடம் தாங்கினால் போதும், ஆனால் இடையில் இன்னொரு முறை இன்ஜினை இறக்கக் கூடாது.

அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரே கேள்வி கேட்டோம்: இது நாளைக்குக் கெட்டால், எட்டுவதற்கு எதையெல்லாம் கழற்ற வேண்டும்? ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், சென்சார்கள் எல்லாம் இன்ஜின் வண்டியில் இருக்கும்போதே கழற்றக்கூடியவை. தண்ணீர் போயிருக்கிறதா என்று திறந்து பார்த்து, காயவைத்து, அப்படியே மாட்டிவிட்டோம். ஃப்ளைவீலுக்குப் பின்னால், கிராங்க் தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் பிடிக்கும் ஆயில் சீல் அப்படி இல்லை. விலை சில நூறு ரூபாய்தான், ஆனால் அதை எட்ட கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் வெளியே வர வேண்டும். கசிவே இல்லாவிட்டாலும் மாற்றுங்கள் என்றேன். முன்பக்க கிராங்க் சீல், கேம் சீல், டைமிங் பெல்ட், அதன் டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாம் அதே கணக்கில் சேர்ந்தன. பெல்ட்டைக் கடைசியாக எப்போது மாற்றினோம் என்பதற்கு எங்கள் பழைய பில்களில் குறிப்பே இல்லை.

நான் எதிர்பார்க்காத இடம், சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் இருந்தது. தண்ணீர்ப் பாதையை அடைத்திருக்கும் வட்டத் தகட்டு மூடிகளில் இரண்டு துருவேறி, ஸ்க்ரூ டிரைவரால் தட்டினாலே உதிர்ந்தன. பல வருடமாக ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றி வந்ததன் பலன். வேளச்சேரி போர் தண்ணீர் பக்கெட்டிலேயே வெள்ளையாகப் படியும், இன்ஜினுக்குள் என்ன செய்திருக்கும்! வெள்ளம் வராமலே இருந்தாலும் இந்த மூடி ஒருநாள் நடுரோட்டில் ஓட்டையாகி இன்ஜினைக் கொதிக்க வைத்திருக்கும். மூடிகளோடு எல்லா ஹோஸ்களையும் மாற்றச் சொன்னேன்.

உள்பாகங்களில் ஆசைக்கு இடம் கொடுக்கவில்லை. அளந்து பார்த்துத்தான் முடிவெடுத்தோம். லேத்தில் சிலிண்டர் தேய்மானம் வரம்புக்குள் இருந்தது, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் போரிங் வேண்டாம் என்றார்கள். கிராங்கிலும் கீறல் இல்லை. ஆகவே ஒரு ராட், நான்குக்கும் புது ரிங், பேரிங் செட், வால்வு சீல், ஹெட் கேஸ்கட். ஹெட் போல்ட்டுகளையும் புதிதாகவே போட்டோம். இன்ஜின் மவுண்டிங்குகளில் ரப்பர் பிளந்திருந்த ஒன்றை மட்டும் மாற்றினோம்.

சாமான் வாங்க ஜி.பி. ரோட்டுக்கு இரண்டு நாள் அலைந்தேன். பழைய பாகத்தைத் துணியில் சுற்றிக் கையோடு கொண்டுபோனது நல்லதாகப் போயிற்று. இரண்டு கடைகளில் கொடுத்த சீல்களை அதோடு வைத்துப் பார்த்தபோது அளவே வேறு.

கிளட்ச்சில்தான் தவறினேன். பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் தேய்ந்திருந்தன, வாங்கிவிட்டேன். கிளட்ச்சை மிதிக்கும்போது அதை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் அந்தக் கடையில் இல்லை. பழையதைக் கையால் சுற்றினால் சத்தமில்லாமல் சுற்றியது. “அதையும் பாத்துருலாம்மா” என்று அண்ணன் சொல்லியும், செலவு ஏறிக்கொண்டே போன எரிச்சலில் பழையதே இருக்கட்டும் என்றேன்.

ஐந்தாவது மாதம் கிளட்ச்சை மிதித்தால் கிர்ரென்று சத்தம். வெள்ளத் தண்ணீர் இறங்கி, பேரிங்குக்குள் இருந்த கிரீஸ் வெளியேறிவிட்டிருக்கிறது. பேரிங்கின் விலையைவிடப் பல மடங்கு லேபர் கொடுத்து மறுபடி கியர்பாக்ஸை இறக்கினோம்.

இறக்கியதும் டார்ச் வாங்கி, கிளட்ச்சைச் சுற்றியும் அதை மூடும் கூடான பெல் ஹவுசிங் உள்ளேயும் அடித்துப் பார்த்தேன். எங்கேயும் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. அன்று மாற்றிய பின்பக்க கிராங்க் சீல் பிடித்துக்கொண்டிருந்தது.