புகையைப் புடிச்சி எரிக்கிற அடுப்பு: கடலூர் முதுநகர் பட்டறை டைரி

அக்டோபர் 6, 2024, ஞாயிறு

விடியக்காலைல, அங்க அப்ப சாயங்காலம், அக்கா வீடியோ கால் போட்டுச்சி. அமெரிக்கால அவங்க இருக்கற வெர்மான்ட்ல இப்பவே குளுர ஆரம்பிச்சிடுச்சாம், மாமா இந்த சீசனுக்கு மொத தடவையா விறகு அடுப்பைப் பத்த வச்சிட்டு போனை அதுக்கிட்டயே புடிச்சிக் காட்டினாரு. நான் வெல்டிங் பட்டறை வச்சிருக்கறவன், இரும்புல எதைக் காட்டினாலும் உள்ள இன்னா இருக்குன்னுதான் கேப்பேன். அவரும் பொறுமையாதான் சொன்னாரு.

சமைக்கிற அடுப்பு இல்ல அது, வீட்டை சூடாக்குறது. அடுப்போட மேல்பக்கம், புகை பைப்புக்குப் போற வழில, கட்டம் கட்டமா ஓட்டை உள்ள ஒரு செராமிக் கட்டி உக்காந்திருக்கு, அதுக்கு மேல பெல்லேடியம், பிளாட்டினம்ங்கற உலோகப் பூச்சு. விறகு எரியும்போது எடைல முக்கால் பங்கு காஸாத்தான் வெளிய வருது, மிச்சம்தான் கரி. அந்த காஸ் முழுசா எரியாம தப்பிச்சிப் போனா அதுக்குப் பேர்தான் புகை. அது தானா எரியணும்னா 550, 600 டிகிரி வேணும், இந்தப் பூச்சு மேல பட்டா 260 டிகிரிலயே எரிஞ்சிடுது. கார் புகைக் குழாய்ல புகையை சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர்தான் மாமா, அதேதானேன்னு கேட்டேன். அதேதான்டா மச்சான், அதைப் பாத்துதான் இதையும் பண்ணாங்கன்னாரு.

பத்த வச்சதும் நேரா அது வழியா விடக்கூடாது. பைபாஸ்னு ஒரு தகடு, மொதல்ல அதைத் தொறந்து வச்சி புகையை நேரா சிம்னிக்கு அனுப்பணும். மேல சொருகியிருக்கிற தெர்மாமீட்டர் முள்ளு 'ஆக்டிவ்'ங்கற எடத்துக்கு வந்தப்புறம் லீவரைத் தள்ளி பைபாஸை மூடினா புகை அந்தக் கட்டி வழியா திரும்புது. மூடின கொஞ்ச நேரத்துலயே முள்ளு சரசரன்னு ஏறுச்சி பாருங்க, புதுசா ஒரு விறகும் போடல, ஏற்கனவே இருந்த புகையே எரிஞ்சி சூடாகுது. அக்கா வாசலுக்குப் போயி சிம்னியைக் காட்டிச்சி, புகையே இல்ல, மேல காத்து மட்டும் லேசா நடுங்குது.

நம்ம பின்கட்டுல அதே நேரம் அம்மா இட்லிக்கு அடுப்பு மூட்டிக்கிட்டிருந்துச்சி, நான் போனைத் திருப்பிக் காட்டினேன், ஸ்கிரீன் முழுக்க புகைதான். அக்கா சிரிக்கல. அம்மாவுக்கு இருமல் இருக்காடான்னு கேட்டுச்சி.

அக்டோபர் 8

விறகை விட்டுட்டு சமையல் காஸுக்கு மாத்திடுன்னு அம்மா கிட்ட சொல்றது சுலபம். அம்மா காலைல வீட்டுலயே இட்லி போட்டு வாசல்ல விக்குது, அதுக்கு வியாபாரத்துக்குன்னு குடுக்கற 19 கிலோ சிலிண்டர்தான் வாங்கணும், அது இந்த மாசம் 1,900 ரூபாய்ல நிக்குது. இட்லி விலையை ஏத்தினா யாரும் வரமாட்டாங்கன்னு அம்மா கணக்கு போட்டு வச்சிருக்கு. அந்தக் கணக்குல நான் தலையிட முடியாது, அடுப்புலதான் தலையிடலாம்.

அக்டோபர் 9

பக்கத்துக் கடை டூவீலர் மெக்கானிக் கிட்ட அடிபட்டு ஒடைஞ்ச சைலன்சர் ஒண்ணு கெடந்துச்சி, பிஎஸ்-6ங்கற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி. 2020 ஏப்ரல்லேர்ந்து வர்ற வண்டி. வாங்கியாந்து மாஸ்க் போட்டுக்கிட்டு மெதுவா அறுத்தேன், அந்தத் தூசு மூச்சுல போகக்கூடாது. உள்ள மெல்லிசு ஸ்டீல் தகட்டை சுருட்டி வச்ச மாதிரி உருளை, வெளிச்சத்துல புடிச்சா ஊசி நுழையற ஓட்டைங்க. விறகு அடுப்புக்கு இது ஆவாதுன்னு பாத்தவுடனே தெரியும், இருந்தாலும் ஆவாதுங்கறதையும் கண்ணால பாத்துடுவோம்னு பைப் வாய்ல வச்சி கீழ சுள்ளி மிளாறைக் கொளுத்தினேன். புகை மேல போவாம வாசல் வழியா என் மூஞ்சிக்கே வந்துச்சி, கொஞ்ச நேரத்துல ஓட்டையெல்லாம் கரி அப்பிக்கிச்சி.

ராத்திரி மாமா கிட்ட சொன்னேன். வண்டி கன்வெர்ட்டர்ல சதுர இஞ்சுக்கு 400 ஓட்டை வரைக்கும்கூட இருக்கும், விறகு அடுப்புக்கு வர்றதுல 16, இல்லன்னா 25, அவ்ளோதான்னாரு. வண்டில இன்ஜின் தள்ளி விடுது, அடுப்புல தள்ளி விட ஆளில்ல, சூடான காத்து தானா மேல போனாதான் உண்டு.

அப்புறம் அவர் சொன்ன இன்னொண்ணுதான் என் மண்டைல நிக்குது. அங்க அந்தக் கட்டி எதுக்குன்னா, ராத்திரி விறகை அடுக்கி காத்தைக் கொறச்சி வச்சிட்டுத் தூங்கணும், விடியற வரைக்கும் வீடு சூடா இருக்கணும். கம்மி காத்துல மெதுவா எரியிற நெருப்புதான் கண்டபடி புகையும், அந்தப் புகையை கம்மி சூட்டுலயே எரிக்கத்தான் பெல்லேடியம். நமக்கு அப்டியா? இட்லிக்கு நெருப்பு திகுதிகுன்னு எரியணும், வேலை முடிஞ்சா அணைஞ்சிடணும். திகுதிகுன்னு எரியிற எடத்துல 600 டிகிரி கெடைக்கும், அப்ப பூச்சு எதுக்கு, சரியான எடத்துல சூடான காத்து குடுத்தா போதுமே. பூச்சு இல்லாத அடுப்புங்களும் அங்க விக்குதாம், மேல ஓட்டை போட்ட பைப் வழியா காத்தை விட்டு புகையை எரிக்கிறது. நம்ம வழி அதுதான்.

அக்டோபர் 15

பட்டறைல ஆர்டர் வேலை, ரெண்டு இரும்பு கேட்டு செய்யணும். அடுப்பு வேலை ராத்திரிதான்.

உள்கூடு 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வெளிக்கூடு 3 எம்எம் சாதா இரும்புத் தகடு, நடுவுல ஒரு இஞ்சு சந்து. கீழேர்ந்து வர்ற காத்து ரெண்டா பிரியும், ஒண்ணு விறகு உக்கார்ற கம்பித் தட்டு வழியா விறகுக்கு, இன்னொண்ணு அந்த சந்துல மேல ஏறி சூடாகி, உள்கூட்டோட கழுத்துல சுத்தி போட்ட ஓட்டைங்க வழியா புகைல போய் அடிக்கும். பச்சைக் காத்து அடிச்சா நெருப்பு அணையும், சூடான காத்துன்னாதான் புடிச்சிக்கும். கீழ்ப்பக்கம் விருத்தாசலத்துலேர்ந்து வாங்கியாந்த ஃபயர் பிரிக், செராமிக் கம்பெனிங்க அங்கதானே இருக்கு.

ஜிஐ, அதான் துத்தநாகம் பூசின தகடு போட்டா சீப்பா முடியும்னு பட்டறைப் பையன் சொன்னான். திட்டினேன். துத்தநாகம் 420 டிகிரிலயே உருகிடும், ஜிஐயை வெல்டு வச்சவனுக்கு அந்த வெள்ளைப் புகை அடிச்சா ராத்திரி குளுர் ஜுரம் எப்டி வரும்னு தெரியும், சோறு ஆக்குற எடத்துல அது எதுக்கு.

ஃபேன் வச்ச அடுப்பு வேணாம்னு மொதல்லயே முடிவு. நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகைல கரன்ட் இருக்கும்னு யார் சொல்ல முடியும்.

அக்டோபர் 20

விறகு. இதைப் பத்தி எழுதாம அடுப்பைப் பத்தி எழுதறதுல அர்த்தமே இல்ல.

நம்ம பக்கம் சவுக்குதான். கடலோர மணல்ல புதுச்சேரி வரைக்கும் சவுக்குத் தோப்புதான், நல்லா பருத்த கட்டைங்க பேப்பர் மில்லுக்கும் சாரம் கட்டறதுக்கும் போயிடும், விறகு விக்கிற தொட்டிக்கு வர்றது வளைஞ்ச கட்டை, வேர்க்கட்டை, மிளாறு. எரிஞ்சா சவுக்குக்கு நிகர் கெடையாது, சாம்பல் கம்மி, தணல் கெட்டி. ஆனா தொட்டில எடை போட்டுதானே விக்கிறான், பச்சையா இருந்தா தண்ணிக்கும் சேத்து காசு குடுக்கறோம். அந்தத் தண்ணியை ஆவியாக்கறதுக்கும் அதே விறகைத்தான் எரிக்கணும், ரெண்டு தடவ நஷ்டம். ஆவியாகிட்டிருக்கிற வரைக்கும் சூடும் ஏறாது, சூடு ஏறலன்னா புகை எரியாது.

மாமா ஊர்ல ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ வரணும்னு ஓக் மரத்தைப் பொளந்து ரெண்டு வருஷம் வரைக்கும் காய வைக்கிறாங்க. ஈர விறகைப் போட்டா நீராவி அடிச்சி அந்த செராமிக் வெடிச்சிடும்னு பயம் வேற. நமக்கு அவ்ளோ நாள் வேணாம், பொளந்து அடுக்கி வச்சா இந்த வெயிலுக்கு மூணு மாசத்துல காயும். பொளக்கணும், அதான் விஷயம். முழு உருட்டுக் கட்டை பட்டையோட இருந்தா ஈரம் உள்ளயே நிக்கும். ரெண்டு முள்ளு வச்ச ஈர மீட்டர் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கினேன், தொட்டில 'காஞ்சது'ன்னு சொன்ன கட்டையைப் பொளந்து நடுவுல குத்தினா 34 காட்டுது. தொட்டிக்காரர் மெஷினு பொய் சொல்லுதுங்கறாரு.

அம்மா ஒரே வார்த்தைல முடிச்சிடுச்சி: "ரெண்டு கட்டைய தட்டிப் பாரு, டங்குன்னா காஞ்சது, தொப்புன்னா பச்சை. இதுக்கு இன்னாத்துக்கு மெஷினு?" தட்டிப் பாத்தேன். மீட்டரும் அம்மாவும் பெரும்பாலும் ஒத்துப் போறாங்க.

அக்டோபர் 27, ஞாயிறு

பத்த வச்சாச்சு. மொதல்ல வழக்கம் போல புகைதான், உள்கூடு சூடாகணுமே. அப்புறம் கழுத்துல இருக்கிற ஓட்டை ஒண்ணுல நெருப்பு புடிச்சி, பக்கத்து ஓட்டை, அதுக்குப் பக்கத்துலன்னு சுத்தி வந்து காஸ் அடுப்பு பர்னர் மாதிரி வளையமா எரிஞ்சிச்சி. கீழ விறகுலேர்ந்து புகை சுருண்டு சுருண்டு மேல வர்றது தெரியுது, வளையத்தைத் தாண்டினா காணோம். நான் வெளிய ஓடிப் போயி சிம்னியைப் பாத்தேன், மொட்டை மாடில துணி காயப் போட்டிருந்த எதிர்வீட்டு அத்தை, இன்னாடா ஆச்சின்னு பயந்துட்டாங்க.

சிம்னி 4 இஞ்சு பைப், பத்தடி. பின்கட்டு கூரை சிமென்ட் ஷீட்டு, பைப் போற எடத்துல சுத்தி கை நொழையற அளவு கேப் விட்டு தகட்டுக் காலர் போட்டிருக்கேன்.

நவம்பர் 3

தீபாவளி முடிஞ்சி மறுபடி அடுப்பு. அம்மாவோட புகார் லிஸ்ட் பெருசு. விறகை ஒரு அடிக்கு மேல வைக்க முடியல. நெருப்பைக் கொறைக்கணும்னா பழைய அடுப்புல கட்டையை வெளிய இழுத்துட்டா போதும், இதுல எங்க இழுக்கறது? கதவை மூடிட்டா நெருப்பு மூஞ்சி தெரியல.

எனக்கு கோவம்தான் வந்துச்சி, ஆனா அம்மா சொல்றது எல்லாமே சரி. நாப்பது வருஷமா ஒரு கைப்பழக்கம், அதை ஒரு தகட்டுக் கூட்டுக்காக மாத்திக்கோன்னு சொல்றதுக்கு அந்தக் கூடு இன்னும் நல்லா இருக்கணும். கீழ்க்காத்துக்கு ஒரு சறுக்குத் தகடு வச்சேன், அதை பாதி மூடினா நெருப்பு தணியுது, ஆனா ரொம்ப மூடினா வளையம் அணைஞ்சி புகை வந்துடுது. மேல்க்காத்தை மூட வழியே வைக்கல, வேணும்னே.

நவம்பர் 17

மாமா அவர் அடுப்புல இருக்கிற அந்த செராமிக் கட்டியைக் கழட்டி சுத்தம் பண்றதைக் காட்டினாரு. அடுப்பு முழுசா ஆறினப்புறம்தான் தொடணும், மெல்லிசு பிரஷ், இல்லன்னா வேக்யூம், கம்பி விட்டு நோண்டக் கூடாது. 10,000 மணி நேரம் மாதிரி ஓடும், அப்புறம் மாத்தியே ஆகணுமாம். பெயின்ட் அடிச்ச பலகை, பிளாஸ்டிக், கலர் பேப்பர் எதுவும் போடக்கூடாது, போட்டா பூச்சு செத்துடும். கடல்ல அடிச்சிக்கிட்டு வர்ற மரமும் கூடாதாம், உப்புல இருக்கிற குளோரின். இது நமக்கும்தான். தேவனாம்பட்டினம் பீச்சுல ஒதுங்குற கட்டைங்களை எடுத்தாந்து எரிக்கறவங்க உண்டு, காஞ்சி லேசா இருக்குன்னு. ஸ்டெயின்லெஸ்ஸையே அரிச்சிடும், வர்ற புகையும் விஷம். முந்திரிக் கொட்டை தோடும் அப்டித்தான், பண்ருட்டி பக்கம் மலிவா கெடைக்கும், அதுல இருக்கிற எண்ணெய் கண்ணு மூக்கு எல்லாத்தையும் எரிச்சிடும், நம்ம அடுப்பு சைசுக்கு அது ஆவாது.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். மதியத்துலேர்ந்து கரன்ட் இல்ல. சிம்னிக்கு நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினேன். புயல் புதுச்சேரி பக்கம் கரைக்கு வந்து அங்கயே நிக்குதாம்.

டிசம்பர் 3

புதுச்சேரில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. அது போதாதுன்னு நேத்து சாத்தனூர் டேம்லேர்ந்து 1.68 லட்சம் கன அடி தொறந்து விட்டாங்க, தென்பெண்ணை ரெண்டு பக்கமும் ஊருக்குள்ள பூந்துடுச்சி. நம்ம தெருல முட்டிக்குக் கீழதான், பெண்ணையாத்து ஓரத்துல இருக்கற சொந்தக்காரங்க எல்லாம் நம்ம வீட்டுலதான் இருக்காங்க.

பரண் மேல அடுக்கின விறகு மட்டும் காஞ்சி இருக்கு. அடுப்பு ரெண்டு நாளா அணையல, கஞ்சி, சோறு, கொழந்தைங்களுக்கு வெந்நீர். பெரியப்பா 'தானே' புயலைப் பத்தி பேசிக்கிட்டே இருந்தாரு, 2011 டிசம்பர் 30, முந்திரியும் பலாவும் சவுக்கும் படுத்துடுச்சி, அந்த வருஷம் விறகு வேணும்னு யாருமே கேக்கல, மரத்துக்காரன் அழுதுக்கிட்டே வெட்டினான்னு.

ஒருத்தர் குளுருதுன்னு இரும்புச் சட்டில கரியைப் போட்டு ரூமுக்குள்ள எடுத்துக்கிட்டுப் போனாரு. புடுங்கி வெளிய வச்சேன். கரி நெருப்புல புகை வராது, கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு வாசனையே கெடையாது, கதவு ஜன்னலை சாத்திட்டுத் தூங்கினா எழுந்திருக்க மாட்டோம். அவருக்கு என் மேல வருத்தம்தான், பரவால்ல.

டிசம்பர் 22

வெர்மான்ட்ல மைனஸ் 20. மாமா ராத்திரி பத்து மணிக்கு விறகு போட்டா காலைல எழுந்து தணலைக் கிளறி விட்டா போதுமாம். அந்தக் குளுருக்கு அந்த அடுப்பு நியாயம்தான்.

நம்மள்து உள்கூடு கழுத்துல, ஓட்டைங்களுக்கு நடுவுல லேசா நெளிஞ்சிருக்கு. நெருப்பு வளையம் அடிக்கிற எடம், அங்கதான் சூடு ஜாஸ்தி. சிம்னியைக் கழட்டித் தட்டினேன், ஒரு டம்ளர் அளவு காஞ்ச கரித்தூள், பிசினு மாதிரி ஒட்டறது இல்ல. பிசினு புடிச்சா அதுதான் ஒருநாள் சிம்னிக்குள்ள தீ புடிக்கும், மாமா ஊர்ல வருஷா வருஷம் ஆள் வச்சி சுத்தம் பண்றது அதுக்குத்தான்.

ஜனவரி 13, 2025, போகி

நாளைக்குப் பொங்கல் வாசல்ல, மூணு கல்லு வச்சி, அதுல நான் கை வைக்கல. இன்னைக்கு தெருல டயர் கொளுத்தினவங்களோட அம்மாவே சண்டைக்குப் போச்சு, வீட்டுல புகை இல்லாம பழகிட்ட தைரியம் போல.

எதிர்வீட்டு அத்தை ஒரு அடுப்பு கேக்குறாங்க. கழுத்து வளையத்தை மட்டும் தனியா கழட்டி மாத்தற மாதிரி போல்ட் வச்சிப் பண்ணப் போறேன், நெளிஞ்சா அது மட்டும் மாத்தினா போதும். அதுக்கு இன்னும் சூடு தாங்கற 310 கிரேடு ஸ்டெயின்லெஸ் தகடு சின்னத் துண்டு கெடைக்குமான்னு சென்னைல விசாரிக்கச் சொல்லியிருக்கேன். விலையை இன்னும் சொல்லல. விறகை இப்பவே வாங்கிப் பொளந்து அடுக்குங்க, அது காஞ்சப்புறம்தான் அடுப்பு தருவேன்னு மட்டும் சொல்லியிருக்கேன்.